ஃபிளைட்கியரைக் கம்பைல் செய்வது: மூன்று துண்டுகள் ஒரே காலத்தவையாக இருக்க வேண்டும்

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். லினக்ஸ் ஓடும் மேசைக்கணினி, 8 ஜிபி நினைவகம். தயார்நிலைப் பேக்கேஜாகக் கிடைக்கும் ஃபிளைட்கியர் என்ற விமானப் பறத்தல் சிமுலேட்டர் பழையதாக இருப்பதால், புதியதை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்யப் (ஓடும் நிரலாக மாற்றப்) பார்க்கிறீர்கள். அது நம்பியிருக்கும் சிம்கியர் என்ற லைப்ரரி முடிந்துவிட்டது. ஆனால் ஃபிளைட்கியரின் சிமேக் கட்டம் (கம்பைலுக்குத் தேவையானவை இருக்கின்றனவா என்று பார்த்து ஏற்பாடு செய்யும் கருவி அது), சிம்கியர் பதிப்பு பொருந்தவில்லை என்று நின்றுவிடுகிறது. எதையோ மாற்றி அதைத் தாண்டியபோது பாதியில் கணினி உறைந்தது. ஒருவழியாக விமானம் திரைக்கு வந்தபோது சுற்றிலும் கடல்தான். இவ்வளவும் எதற்காக என்றால், வீட்டில் செய்த சுவிட்ச் பலகை ஒன்றை இணைப்பதற்காக.

கடைசியில் சொன்ன காரணத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சுவிட்ச் பலகைக்காக மட்டும் என்றால் கம்பைல் செய்யவே தேவையில்லை. பலகை யூஎஸ்பி ஜாய்ஸ்டிக்காகத் தன்னைக் காட்டிக்கொள்ளுமானால், எந்தப் பொத்தான் எதைச் செய்ய வேண்டும் என்று ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு எழுதினால் போதும். சீரியல் போர்ட் வழியாகப் பேசும் பலகை என்றால் 'ஜெனரிக்' என்ற நெறிமுறை இருக்கிறது. எந்த மதிப்பு எந்த வரிசையில் வரும், எந்தக் குறி இடையில் நிற்கும் என்பதை ஓர் எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதி, தரவுக் கோப்புறைக்குள் இருக்கும் 'புரோட்டோகால்' கோப்புறையில் போட வேண்டும். பிறகு நிரலைத் தொடங்கும்போது அந்தக் கோப்பின் பெயரையும் போர்ட்டின் பெயரையும் வேகத்தையும் சொன்னால் வேலை முடிந்தது. ஃபிளைட்கியரில் விளக்கு, ஃபிளாப், எரிபொருள் வால்வு எல்லாமே 'பிராப்பர்ட்டி ட்ரீ' என்ற ஒரே மரத்தில் பெயரோடு தொங்குகின்றன. வெளியிலிருந்து அந்தப் பெயரைத் தொட்டு மதிப்பை மாற்றிவிடலாம். விமானங்கள், கருவிகள், நேசல் என்ற மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட்டுகள், ஷேடர்கள் (ஒளியையும் நிறத்தையும் கணக்கிடும் சிறு நிரல்கள்) ஆகியவையும் தரவுப் பக்கத்தில் இருப்பவைதாம். சி பிளஸ் பிளஸ் நிரலை நீங்கள் திருத்தப் போகிறீர்கள், அல்லது நேற்று சேர்க்கப்பட்ட ஒரு திருத்தம் இன்றே வேண்டும் என்றால்தான் கம்பைலருக்கு வேலை.

அப்படியும் புதிய பதிப்பு வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்றே வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

'ஃபிளைட்கியரைக் கம்பைல் செய்கிறேன்' என்று நாம் சொன்னாலும், கையாள்வது ஒரு நிரலை அல்ல, நான்கு துண்டுகளை. முப்பரிமாணக் காட்சியை வரையும் ஓப்பன்சீன்கிராஃப் அடியில் இருக்கிறது. அதன் மேல் சிம்கியர். பிராப்பர்ட்டி ட்ரீ, நேசல் மொழியின் இன்டர்பிரட்டர், ஒலி, நிலப்பரப்பை ஏற்றும் நிரல் எல்லாம் அதில்தான் அடக்கம். அதற்கும் மேல் ஃபிளைட்கியர். ஜேஎஸ்பிசிம், யாசிம் போன்ற பறத்தல் மாதிரிகள், விமான நிலையத் தரவைப் படிக்கும் பகுதி, தொடக்கச் சாளரம் ஆகியவை இங்கே. நான்காவது, கம்பைல் செய்ய வேண்டாத எஃப்ஜிடேட்டா. மேலே சொன்ன எக்ஸ்எம்எல், ஷேடர், நேசல் கோப்புகளின் வீடு அதுதான். சிம்கியர், ஃபிளைட்கியர், எஃப்ஜிடேட்டா மூன்றும் ஒன்றையொன்று பார்த்தபடியே வளர்கின்றன. ஒன்றில் ஒரு செயற்கூறின் பெயர் மாறினால், அதே வாரத்தில் மற்றொன்றிலும் மாறும். ஒன்று இந்த மாதத்தது, மற்றொன்று போன ஆண்டினது என்று கலந்தால் பிழை வராமல் இருந்தால்தான் வியப்பு. நீங்கள் சொன்ன முதல் தடை இந்தக் கலப்படத்தின் விளைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆகவே முதல் வேலை, இந்த மூன்றுக்கும் ஒரே கிளையை, அதாவது ஒரே பதிப்பு வரிசையை, தேர்ந்தெடுப்பது. 2016.1 முதல் ஃபிளைட்கியர் ஆண்டை வைத்தே பதிப்புக்கு எண் இடுகிறது. 2020.3 நீண்டகால ஆதரவுப் பதிப்பாக வந்தது. அதன் பிறகு 2024.1. இவை ஒவ்வொன்றுக்கும், கோப்புகள் வைக்கப்பட்டிருக்கும் மூன்று களஞ்சியங்களிலும் வெளியீட்டுக் கிளை இருக்கிறது. 'நெக்ஸ்ட்' என்பது நாள்தோறும் மாறும் மேம்பாட்டுக் கிளை. முதல் முறை கம்பைல் செய்பவர் 'நெக்ஸ்ட்' பக்கம் போகாமல் வெளியீட்டுக் கிளையை எடுப்பதுதான் சரி. அதில் வரும் பிழை பெரும்பாலும் உங்கள் கணினி சார்ந்தது என்று நம்பலாம். 'நெக்ஸ்ட்'டில் வரும் பிழை உங்களுடையதா, நேற்றிரவு யாரோ செய்த மாற்றத்தினுடையதா என்று பிரித்துப் பார்க்கவே ஒரு பொழுது போய்விடும்.

வழிகாட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த மென்பொருளுக்கு வயது அதிகம். 1996-இல் பேச்சு தொடங்கி, 1997-இல் முதல் வெளியீடு வந்தது. அதனால் இணையத்தில் எல்லாக் காலத்துக் குறிப்புகளும் மண்டிக் கிடக்கின்றன. 'கன்ஃபிகர்' ஸ்கிரிப்டை ஓட்டு என்று சொல்லும் வழிகாட்டி சிமேக் வருவதற்கு முந்தையது. காட்சியைப் பிளிப் என்ற லைப்ரரி வரைவதாகச் சொல்வது 2008-இல் வந்த 1.9 பதிப்புக்கும் முந்தையது. அந்தப் பதிப்பில்தான் காட்சி வேலை ஓப்பன்சீன்கிராஃபின் கைக்கு மாறியது. சோர்ஸ்ஃபோர்ஜ் முகவரியிலிருந்து மூலநிரலை எடு என்பதும் பழைய கதை. களஞ்சியங்கள் இப்போது கிட்லேப் தளத்தில் இருக்கின்றன. இந்த மூன்று அடையாளங்களில் ஒன்று கண்ணில் பட்டாலும் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

டெபியனோ உபுண்டுவோ பயன்படுத்துகிறீர்கள் என்றால், எஃப்ஜிமெட்டா என்ற களஞ்சியத்தில் 'டவுன்லோட் அண்ட் கம்பைல்' என்ற ஷெல் ஸ்கிரிப்ட் இருக்கிறது. தேவையான பேக்கேஜ்களைப் போட்டுக்கொள்வது, களஞ்சியங்களை இறக்குவது, சரியான வரிசையில் கம்பைல் செய்வது, கடைசியில் நிரலை ஓட்ட ஒரு சிறு ஸ்கிரிப்டை எழுதி வைப்பது என எல்லாவற்றையும் அதுவே செய்யும். கையால் செய்து கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆர்வம் இல்லாவிட்டால் அதையே ஓட்டுங்கள். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

கையால் செய்வதென்றால் இடத்தை முதலில் ஒழுங்கு செய்யுங்கள். வீட்டுக் கோப்புறைக்குள் ஒரு தாய்க் கோப்புறை. அதில் மூலநிரலுக்கு ஒன்று, கம்பைல் நடக்க ஒன்று, முடிந்ததை நிறுவ ஒன்று. மூலநிரல் கோப்புறைக்குள்ளேயே கம்பைல் செய்யாதீர்கள். நாளைக்குக் குப்பையைக் கூட்ட முடியாது. நிறுவும் இடமாகக் கணினியின் பொதுக் கோப்புறைகளைத் தரவே தராதீர்கள். நிர்வாகி உரிமை கேட்காமல் எல்லாக் கட்டமும் முடிய வேண்டும். எங்காவது 'சூடோ' தேவைப்பட்டால், பேக்கேஜ்களைப் போடும் இடத்தைத் தவிர, அங்கே ஏதோ தவறாகப் போகிறது என்று பொருள்.

துணை லைப்ரரிகளில் பூஸ்ட், ஓப்பன்ஏஎல், கர்ல், ஜிப் சுருக்கத்துக்கான இசட்லிப் போன்றவை பெரும்பாலான கணினிகளில் ஏற்கெனவே இருக்கும். ஆனால் ஓடுவதற்கான பேக்கேஜ் வேறு, கம்பைல் செய்வதற்கான பேக்கேஜ் வேறு. பெயரின் முடிவில் 'டெவ்' என்று வரும் பேக்கேஜில்தான் கம்பைலருக்குத் தேவையான ஹெட்டர் கோப்புகள் இருக்கின்றன. 'நிறுவித்தானே இருக்கிறது, ஏன் காணவில்லை என்கிறது?' என்ற புலம்பலில் பாதி இதனால்தான். இன்னொன்று, சாளரங்களை வரையும் க்யூட் லைப்ரரி. அது இல்லாமலும் ஃபிளைட்கியர் கம்பைல் ஆகிவிடும். ஆனால் விமானத்தையும் விமான நிலையத்தையும் தேர்ந்தெடுக்கும் தொடக்கச் சாளரம் இருக்காது. எங்கும் பெரிய பிழையாகச் சொல்லாது. சிமேக் ஓடி முடிந்ததும் அது அச்சிடும் வரிகளை ஒருமுறை நிதானமாகப் படித்தால் இது முன்பே தெரிந்துவிடும்.

வரிசை: ஓப்பன்சீன்கிராஃப், சிம்கியர், ஃபிளைட்கியர். உங்கள் லினக்ஸ் தரும் ஓப்பன்சீன்கிராஃப் 3.6 வரிசையைச் சேர்ந்தது என்றால், முதல் முயற்சிக்கு அதையே வைத்துக்கொள்ளப் பாருங்கள். நீங்கள் எடுத்த கிளையின் சிமேக் மறுக்கவில்லையென்றால் ஒரு சுமை குறைந்தது. 2020-இல் வந்த 3.6.5-க்குப் பிறகு அந்தத் திட்டம் பெரும்பாலும் பராமரிப்பு நிலையில்தான் இருக்கிறது. தனியாகக் கம்பைல் செய்ய நேர்ந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: 64 பிட் லினக்ஸில் அது தன் லைப்ரரிகளை 'லிப்' கோப்புறையில் வைக்காமல் 'லிப்64' என்ற கோப்புறையில் வைக்கும். மற்றவை 'லிப்' கோப்புறையில் உட்காரும். பாதையைக் கையால் எழுதும்போது இரண்டையும் எழுத வேண்டும்.

சிமேக்குக்கு நீங்கள் சொல்ல வேண்டியவை மூன்றே. எங்கே நிறுவுவது என்பது 'இன்ஸ்டால் பிரிஃபிக்ஸ்'. ஏற்கெனவே நிறுவியதை எங்கே தேடுவது என்பது 'பிரிஃபிக்ஸ் பாத்'. கம்பைல் செய்யும் மூன்று துண்டுகளுக்கும் இந்த இரண்டிலும் அதே தாய்க் கோப்புறையின் நிறுவல் இடத்தைத் தாருங்கள். மூன்றாவது 'பில்ட் டைப்'. சிம்கியருக்கும் ஃபிளைட்கியருக்கும் 'ரெல்வித்டெப்இன்ஃபோ' என்று கொடுங்கள். வேகமும் குறையாது, நிரல் விழுந்தால் எந்த வரியில் விழுந்தது என்று பிழை தேடும் டீபக்கரால் சொல்லவும் முடியும். 'டீபக்' வகையில் கம்பைல் செய்துவிட்டு, புதிய பதிப்பு நத்தையாக ஊர்கிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு. குறை பதிப்பில் இல்லை.

இப்போது உங்கள் முதல் தடைக்கு வருவோம். பதிப்பு பொருந்தவில்லை என்று சிமேக் சொல்லும்போது, அந்தச் செய்தியின் கீழே 'பார்த்தேன், ஏற்கவில்லை' என்ற பொருளில் ஒரு பட்டியல் வரும். அதில் சிம்கியரின் அமைப்புக் கோப்பு எந்தப் பாதையில் கிடைத்தது, அது எந்தப் பதிப்பு என்று இரண்டும் தெளிவாக எழுதியிருக்கும். எல்லோரும் தலைப்பு வரியைப் படித்துவிட்டுத் தேட ஓடுகிறார்கள். விடை அதற்குக் கீழே இருக்கிறது. அந்தப் பாதை உங்கள் தாய்க் கோப்புறைக்குள் இருந்தால், களஞ்சியங்களின் கிளைகள் வேறுபட்டிருக்கின்றன. பாதை கணினியின் பொதுக் கோப்புறையைக் காட்டினால், எப்போதோ பேக்கேஜாகவோ பழைய முயற்சியிலோ வந்த சிம்கியர் குறுக்கே நிற்கிறது, அதை நீக்குங்கள். பட்டியலே வரவில்லை, கிடைக்கவே இல்லை என்று சொன்னால், சிம்கியரைக் கம்பைல் செய்துவிட்டு 'இன்ஸ்டால்' கட்டத்தை ஓட்டாமல் விட்டிருக்கிறீர்கள், அல்லது தேடும் பாதை தவறு. கம்பைல் ஆனது வேறு, நிறுவியது வேறு. நிறுவாத வரை ஃபிளைட்கியரின் கண்ணுக்குச் சிம்கியர் இல்லை.

திருத்திய பிறகும் அதே பிழை வருகிறதா? சிமேக் ஒருமுறை கண்டுபிடித்த பாதைகளைத் தன் கேஷ் கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். ஃபிளைட்கியரின் கம்பைல் கோப்புறையை முழுதாக அழித்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள். மூலநிரல் வேறு இடத்தில் பத்திரமாக இருப்பதால் இழப்பது கொஞ்சம் நேரம் மட்டுமே. 'எதையோ மாற்றித் தாண்டினேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். சிமேக் கோப்பில் பதிப்பு எண்ணைத் திருத்தித் தாண்டியிருந்தால், அதை உடனே பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். அந்தச் சோதனையைத் தாண்டுபவர் அடுத்து கம்பைலரிடமோ, கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கரிடமோ மாட்டுவார். லிங்கர் என்றால் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று பக்கம் பக்கமாகக் கொட்டும். அதில் பெரும்பாலும் சிம்கியரின் பெயர்களே இருக்கும்.

இரண்டாவது, கணினி உறைந்தது. கம்பைலை நடத்தும் 'மேக்' கட்டளையோடு 'ஜே' என்ற தெரிவை எண் இல்லாமல் கொடுத்தீர்களா? அப்படிக் கொடுத்தால் எத்தனை வேலைகளை ஒரே நேரத்தில் தொடங்கலாம் என்பதற்கு வரம்பே இல்லை என்று பொருள். டெம்ப்ளேட் நிறைந்த சி பிளஸ் பிளஸ் கோப்பு ஒன்றுக்குக் கம்பைலர் ஒரு ஜிபி, சில நேரம் அதற்கும் மேல் நினைவகம் கேட்கும். அப்படிப் பத்துப் பன்னிரண்டு ஒன்றாகக் கிளம்பினால் 8 ஜிபி எந்த மூலைக்கு? நினைவகம் தீர்ந்ததும் கணினி ஸ்வாப்பை (வட்டில் ஒதுக்கிய மாற்று நினைவகத்தை) நோக்கி ஓடும், மவுஸ் கூட நகராது. கடைசியில் கெர்னலே தலையிட்டுப் பெரிய பண்டமாகப் பார்த்து ஒன்றைக் கொல்லும். திரையில் 'கில்டு சிக்னல் டெர்மினேட்டட் புரோகிராம் சிசி1பிளஸ்' என்று ஒரு வரி வரும். அது நிரலில் உள்ள பிழை அல்ல. அந்தக் கோப்பைத் திறந்து பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். வேலைகளின் எண்ணிக்கையை 2 அல்லது 3 என்று வையுங்கள். உலாவியை மூடுங்கள். கொஞ்சம் ஸ்வாப் இருக்கட்டும். 'மேக்'குக்குப் பதில் நிஞ்ஜா என்ற கருவியைப் பயன்படுத்துபவர்களும் கவனமாக இருக்க வேண்டும். எண்ணிக்கை சொல்லாவிட்டால் அது பிராசஸர் கோர்களின் எண்ணிக்கையைவிடச் சற்றே அதிகமான வேலைகளைத் தானாகவே தொடங்கும்.

வேறு பிழைகள் வந்தால், கடைசிப் பிழையை விட்டு முதல் பிழையைத் தேடுங்கள். பல வேலைகள் ஒன்றாக ஓடும்போது ஒன்று விழுந்த பிறகும் மற்றவை எழுதிக்கொண்டே இருக்கும். உண்மையான காரணம் இருநூறு வரிகளுக்கு மேலே போய்விடும். எளிய வழி, வேலை எண்ணிக்கையை 1 ஆக்கி மீண்டும் ஓட்டுவது. முடிந்த கோப்புகளைத் தாண்டி நேராகத் தடுக்கிய இடத்தில் வந்து நிற்கும்.

கம்பைல் நடக்கும் நேரத்தில் எஃப்ஜிடேட்டாவை இறக்கிக்கொள்ளலாம். சில ஜிபி அளவு. பழைய வரலாற்றோடு எடுத்தால் இன்னும் பெரிது. களஞ்சியத்தை இறக்கும் 'கிட்' கருவியிடம் ஆழம் 1 போதும் என்று சொன்னால் இன்றைய நிலையை மட்டும் தரும். கிளை மட்டும் மற்ற இரண்டோடு ஒத்திருக்க வேண்டும். ஓட்டும்போது 'எஃப்ஜி ரூட்' என்ற தெரிவில் இந்தக் கோப்புறையைக் காட்டுங்கள். காட்டாவிட்டால் தரவு கிடைக்கவில்லை என்றோ, வேறெங்கோ உள்ள பழைய தரவைப் பார்த்துப் பதிப்பு சரியில்லை என்றோ நிரல் மறுக்கலாம்.

அடுத்து கடல். இதற்காகக் கவலைப்பட வேண்டாம்; உங்கள் கம்பைல் வெற்றி. நிலப்பரப்புத் தரவு இல்லாத இடத்தை ஃபிளைட்கியர் கடலாகவே வரையும். பெரும்பாலான இடங்களுக்கு அந்தத் தரவு எஃப்ஜிடேட்டாவில் வராது. டெராசிங்க் என்ற பகுதிதான் நீங்கள் பறக்கும் இடத்துக்கு ஏற்ப இணையத்திலிருந்து இறக்கும். தொடக்கச் சாளரத்தில் அதை இயக்கிவிட்டு, முதல் முறை சற்றுக் காத்திருங்கள். விமான நிலைய, வழிகாட்டு நிலையத் தரவை நிரல் தன் கேஷில் அடுக்கிக்கொள்வதால் முதல் தொடக்கம் எப்போதும் மெதுவாகத்தான் இருக்கும். பாதியில் மூடிவிடாதீர்கள்.

கடலுக்குப் பதில் கறுப்புத் திரையோ, வண்ணப்பூச்சு இல்லாத வெள்ளை விமானமோ தெரிந்தால் கதை வேறு. ஓப்பன்சீன்கிராஃப் படக் கோப்புகளைப் படிக்கத் தனித்தனிப் பிளகின்களை ஓடும்போதுதான் ஏற்றும். பிஎன்ஜி, ஜேபெக் ஆகியவற்றின் டெவ் பேக்கேஜ்கள் இல்லாமல் அதைக் கம்பைல் செய்திருந்தால் அந்தப் பிளகின்கள் உருவாகவே உருவாகா. யாரும் எச்சரிக்கவும் மாட்டார்கள். இன்னொரு வழியிலும் இதே கோலம் வரும்: உங்கள் கோப்புறையில் ஓர் ஓப்பன்சீன்கிராஃப், கணினியில் இன்னொன்று. கம்பைல் ஒன்றை வைத்து நடந்திருக்கும். ஓடும்போது மற்றொன்று ஏறியிருக்கும். 'எல்டிடி' கட்டளையை நிரலின் மேல் ஓட்டினால் எந்த லைப்ரரி எந்தப் பாதையிலிருந்து வருகிறது என்று வரிசையாகக் காட்டும். பாதை தவறு என்றால், லைப்ரரி தேடும் பாதைக்கான சூழல் மாறியில் உங்கள் 'லிப்', 'லிப்64' இரண்டையும் சேர்த்து ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதி, எப்போதும் அதன் வழியாகவே ஓட்டுங்கள். காட்சி சரி, ஆனால் நொடிக்கு இரண்டு மூன்று படம்தான் வருகிறது என்றால், கிராஃபிக்ஸ் அட்டையின் டிரைவர் வேலை செய்யாமல் பிராசஸரே படம் வரைகிறதா என்று பாருங்கள். 'ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ' காட்டும் ரெண்டரர் பெயர் எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் அதுதான் விஷயம்.

பழைய பேக்கேஜையும் வைத்துக்கொள்ள நினைத்தால், இரண்டுக்கும் 'எஃப்ஜி ஹோம்' கோப்புறையைத் தனித்தனியாக அமையுங்கள். பதிவுக் கோப்பும் சேமித்த அமைப்புகளும் அங்கேதான் இருக்கின்றன; ஒன்றின் அமைப்பு மற்றொன்றைக் குழப்பினால் காரணம் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

பின்னாளில் புதுப்பிக்கும்போது சிம்கியர், ஃபிளைட்கியர், எஃப்ஜிடேட்டா மூன்றையும் ஒரே அமர்வில் இழுங்கள். சிம்கியரை நிறுவி முடித்த பிறகே ஃபிளைட்கியரைத் தொடுங்கள். கம்பைல் முடிவுகளைச் சேமித்து வைக்கும் சிசிகேஷ் போட்டிருந்தால் மாறாத கோப்புகள் மீண்டும் கம்பைல் ஆகாது, இரண்டாம் முறை பாதி நேரம்கூடப் பிடிக்காமல் போகலாம். நன்றாக ஓடும் நிலையில் மூன்று களஞ்சியங்களின் கமிட் எண்களையும் (அந்த நிலையைக் குறிக்கும் அடையாள எண்கள்) ஒரு கோப்பில் குறித்து வையுங்கள். புதுப்பித்த பிறகு ஏதாவது கெட்டுவிட்டால் திரும்பிப் போக அந்த மூன்று எண்களும் வேண்டும். ஃபிளைட்கியரை மட்டும் பின்னால் இழுத்தால் சிம்கியரின் பதிப்புச் சோதனையிலேயே மீண்டும் நிற்பீர்கள்.